டயர் கடையைவிட்டுக் கிளம்பும் முன் அம்புக்குறியைப் பாருங்கள்

கோவையிலிருந்து சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பெருந்துறை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வேகம் 80 கிலோமீட்டருக்குள்தான். தேங்கியிருந்த நீரில் சக்கரம் ஏறியதும் ஸ்டியரிங் கையில் பாரமே இல்லாமல் போயிற்று. பின் இருக்கையில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். ஓரிரு நொடியில் வண்டி மறுபடி சாலையைப் பிடித்துவிட்டது. என் நெஞ்சுப் படபடப்பு அடங்கத்தான் வெகுநேரம் ஆயிற்று. இத்தனைக்கும் நான்கு டயரையும் புதிதாக மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

சேலத்தில் காற்றுப் பிடிக்க நிறுத்திய பஞ்சர் கடைக்காரர் வலப்பக்கச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "தம்பி, அம்பு பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறதே, யார் மாட்டியது?" என்றார்.

நான் வாங்கியவை ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய டயர்கள். பக்கவாட்டில் 'ரொட்டேஷன்' என்ற எழுத்தும் ஓர் அம்புக்குறியும் இருக்கும். அம்பு சக்கரத்தின் மேல்பாதிக்கு வரும்போது வண்டியின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டும். கோவைக் கடையில் நான்கையும் ஒரே முகம் வெளியே தெரியும்படி ரிம்மில் ஏற்றிவிட்டார்கள். இடப்பக்கம் இரண்டும் சரி, வலப்பக்கம் இரண்டும் தலைகீழ். இந்த டயர்களின் மேற்பரப்பில் உள்ள 'வி' வடிவக் காடிகள் (பள்ளக் கோடுகள்) தண்ணீரை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் தள்ளுவதற்காக வெட்டப்பட்டவை. எதிர்த்திசையில் உருண்டால் அந்த வேலை கெட்டு, டயர் நீரின் மேல் மிதப்பது எளிதாகிவிடும். அன்று நடந்ததற்கு முழுக் காரணமும் இதுதான் என்று சாதிக்க மாட்டேன். நல்ல டயரும் ஆழமான நீரில் மிதக்கும். ஆனால் என் வீட்டாரின் உயிர் தொங்கும் இடத்தில் இந்த அலட்சியத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

திரும்பி வந்து கேட்டபோது கடைக்காரர் முதலில் "அதெல்லாம் பந்தயக் காருக்குத்தான் சார்" என்றார். பிறகு, "வலது சக்கரத்தை இடதுக்கு மாற்றிப் போட்டுவிடலாம்" என்றார். நான்கும் ஒரே முகமாக ஏற்றப்பட்டிருப்பதால், அப்படிச் செய்தாலும் வலப்பக்கத்துக்கு வருபவை தலைகீழாகத்தான் இருக்கும். வலப்பக்கத்து இரண்டு டயர்களையும் ரிம்மிலிருந்து கழற்றி, திருப்பி ஏற்றி, மறுபடி பேலன்சிங் செய்வது ஒன்றே வழி. அதற்குத் தனியாகப் பணம் கேட்டார். கொடுக்க மறுத்து, வேறு கடையில் என் கண்முன்னே செய்துகொண்டேன்.

இன்னொரு வகை டயரும் உண்டு. அதில் உள்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் காடி வேறு வேறாக இருக்கும். 'அவுட்சைட்' என்று எழுதிய முகம் நான்கு சக்கரத்திலும் வெளியே தெரிய வேண்டும். அந்த டயருக்கு ஒரே முகமாக மாட்டுவதுதான் சரி. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் என் வண்டியில் கை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆகவே பணம் கொடுக்கும் முன் நான்கு சக்கரத்தையும் ஒருமுறை சுற்றி வந்து எழுத்தைப் படியுங்கள். அம்புள்ள டயர்களை இடம் மாற்றும்போது அதே பக்கத்தில் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மட்டும் போடச் சொல்லுங்கள்.

இரு கடைகளின் பில்லும், கழற்றும் முன் எடுத்த படங்களும் பத்திரமாக இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.