பெல்ட் சத்தமும் எஞ்சின் சூடும்: டர்பனில் ஒரு பழைய கொரோலாவோடு பல வருஷம்

பழைய காரில் பெல்ட் கீச்சென்று கத்துவதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுவதும் ஒரே காலத்தில் ஆரம்பித்தால், இரண்டையும் தனித்தனி வியாதியாக நினைத்துத் தனித்தனியாகச் செலவு செய்யாதீர்கள். முதலில் எஞ்சினுக்குள் குளிர்நீரை ஓட்டும் வாட்டர் பம்ப்பைப் பாருங்கள். பம்ப்பைச் சுற்றுவதே அந்தப் பெல்ட்தான் என்கிற வண்டியாக இருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள்.

என்னுடையது 1998 கொரோலா 1.6. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே புரோஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா ஆலையில் கட்டினது, அப்பா ஓட்டி என் கைக்கு வந்தது, இன்றும் தினமும் ஓடுகிறது. வீடு டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில், மேடுபள்ளமான இடம், அதனால் தெருவை விட்டு வெளியே வந்தாலே ஏற்றம் இறக்கம்தான். அப்புறம் அடிக்கடி என்3 நெடுஞ்சாலை பிடித்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். கடல்மட்டத்தில் கிளம்பி அறுநூறு மீட்டர் உயரத்துக்கு ஏறும் வழி அது, கூலிங்கில் ஒரு சின்னக் குறை இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

முதலில் வந்தது சத்தம்தான். காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு கத்தல், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரியிலிருந்து போன சார்ஜை ஆல்டர்னேட்டர் திரும்ப ஏற்றும், அந்த நேரம் அதைச் சுற்றப் பெல்ட்டுக்கு அதிக பலம் வேண்டும், பிடிப்பு குறைந்த பெல்ட் அப்போதுதான் வழுக்கும். ஹெட்லைட், ஏசி எல்லாம் சேர்த்துப் போட்டால் சத்தம் இன்னும் கூடும். கராஜில் புதுப் பெல்ட் போட்டுக் கொடுத்தார்கள். சில வாரம் அமைதி, பிறகு அதே கத்தல். திரும்பக் கொண்டுபோனால் இன்னும் இறுக்கிவிட்டார்கள். இது நல்லதில்லை. பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் அந்த இழுப்பு முழுவதும் பம்ப் பேரிங் மேலும் ஆல்டர்னேட்டர் பேரிங் மேலும்தான் விழும். ஏற்கனவே தேய்ந்த பேரிங் சீக்கிரமே போய்விடும்.

அந்த வருஷம் புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். அன்று அந்தப் பக்கம் ரோட்டில் கார் நகராது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். வரிசையில் நின்று நின்று போகும்போது முள் மெல்ல ஏற ஆரம்பித்தது. ஹீட்டரை முழு சூட்டில் வைத்து ஃபேனைப் போட்டேன். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுக்கும், அவசரத்துக்கு நல்ல வழி. ஆனால் ஹீட்டரிலிருந்து வந்தது குளிர்ந்த காற்று. முள் மேலே நிற்கும்போது ஹீட்டர் குளிர்ந்த காற்று விட்டால், பெரும்பாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட் குறைந்துவிட்டது அல்லது ஓடாமல் நிற்கிறது என்று அர்த்தம். உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூட்டில் திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் சட்டென்று இறங்கி, அதுவரை கொதிக்காமல் இருந்த கூலன்ட் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீறிடும். ஆறும்வரை காத்திருங்கள், வேறு வழியே கிடையாது.

எங்கள் தெருவில் பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ரிடையர் ஆன மாமா ஒருவர் இருக்கிறார். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர் சொன்னது இதுதான்: "பெல்ட்டை விடு தம்பி. பெல்ட் எதனால நனைஞ்சிருக்குன்னு பாரு."

வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் அது வழியாகக் கசியட்டும் என்றே வைத்த ஓட்டை. அதைச் சுற்றி இளஞ்சிவப்பாகக் காய்ந்த கறை இருந்தது. கசிந்ததைப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) சுற்றிச் சுற்றிப் பெல்ட் மேல் தெளித்திருக்கிறது, அதனால்தான் புதுப் பெல்ட்டும் வழுக்கியது. பெல்ட் வழுக்கினால் பம்ப் சரியாகச் சுற்றாது, கூலன்ட்டும் நாளுக்கு நாள் குறைகிறது, எஞ்சின் சூடாகாமல் என்ன செய்யும்? பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் ஆட்டினால் லேசாக ஆடியது, சுற்றினால் கரகரவென்றது. பேரிங்கும் போய்விட்டது.

நீங்களே பார்க்க ஒரு எளிய சோதனை. வண்டி நின்றபடி எஞ்சின் ஐடிலில் ஓடிக் கத்தும்போது பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், கையும் துணியும் பெல்ட் பக்கம் போகாமல். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை, பெல்ட் வழுக்குகிறது. சத்தம் நின்று கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. பெல்ட்டில் அடிக்கும் ஸ்ப்ரே வாங்கவே வேண்டாம், சத்தத்தை அது சில நாள் மறைக்கும், கூடவே தூசியைப் பிடித்து வைக்கும்.

முள் எப்போது ஏறுகிறது என்பதும் முக்கியம். டிராஃபிக்கில் மட்டும் ஏறி ஓட்டத்தில் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, சுவிட்ச் பக்கம் தேடுங்கள். வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால் அடைத்த ரேடியேட்டர், அல்லது சூட்டுக்கேற்பக் கூலன்ட் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் ஆறிக்கிடந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம். கடல் காற்று அடிக்கும் ஊரில் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் அரித்து, விரலால் தொட்டாலே மாவாக உதிரும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஹோஸ்கள் ஸ்டார்ட் பண்ணின உடனேயே கல் மாதிரி இறுகினால், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்காமல் மேலே ஓட்டாதீர்கள்.

மாமா சொன்னபடி பம்ப், பெல்ட், ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், இரண்டு ஹோஸ், மூடி எல்லாம் ஒரே சமயத்தில் மாற்றினோம். செலவு அப்போது வலித்தது, ஆனால் அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் சூட்டுக்காக ஒரு தடவைகூட ஓரம்கட்டவில்லை. மூடி என்றால் அலட்சியம் வேண்டாம். சுமார் 0.9 பார் அழுத்தத்தை அது பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூடக் கடல்மட்டத்தில் 118 டிகிரி வரை கொதிக்காது. பிடிப்பு போன மூடியோடு டர்பனில் சமாளித்து ஓடும் வண்டி, 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஜோஹானஸ்பர்க்கில் நிச்சயம் படுத்தும். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும்.

இப்போது கூலன்ட்டும் சுத்தத் தண்ணீரும் பாதிக்குப் பாதி, ஒரே வகை, கலர் மாற்றிக் கலப்பதில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது டேங்க் அளவைப் பார்ப்பேன், பம்ப் ஓட்டைப் பக்கம் டார்ச் அடிப்பேன். அண்மையில் ஈரமான காலையில் ஏசி பெல்ட் மட்டும் சிட்டுக்குருவி மாதிரி கத்துகிறது. தண்ணீர் தெளித்தால் நின்று திரும்ப வருகிறது, ஆகவே அது நேர்க்கோட்டுப் பிரச்சினை. ஏசி கம்ப்ரசரைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் போல்ட்களைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அந்தப் பெல்ட்டை மாற்றப் போகிறேன்.