இரவு மின்சாரமா, மிஞ்சிய வெயிலா: வீட்டு பேட்டரியை எதைக் கொண்டு நிரப்புவது?

வீட்டு பேட்டரியை நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. பகலில் சோலார் பலகைகள் தருவதில் வீட்டுத் தேவை போக மிஞ்சுவதை மட்டும் சேமிப்பது ஒன்று. நேரத்துக்கொரு விலை என்ற கட்டண முறையில், மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் பின்னிரவில் கிரிட்டிலிருந்தே, அதாவது பொது மின்கம்பி வலையிலிருந்தே, நிரப்பிக்கொண்டு, விலை ஏறும் நேரத்தில் செலவழிப்பது மற்றொன்று. எங்கள் கூரையில் பலகைகள் இருந்தும், நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழியை. மிஞ்சும் வெயில் அதற்குத் துணையாக இருக்கிறது.

சோலார் வழிக்குள்ள நல்ல பெயரை மறுப்பதற்கில்லை. பலகையும் பேட்டரியும் ஒரே இன்வெர்ட்டரில் சேர்ந்திருந்தால் பலகை தரும் நேர்மின்சாரம் (DC) அப்படியே பேட்டரிக்குள் போவதால், ஒரு மாற்றத்தின் இழப்பு மிச்சமாகும். கட்டண விதிகள் மாறினாலும் வெயில் மாறாது. மின்தடை நேரத்தில் இரண்டு வழிகளும் ஏறத்தாழ ஒன்றுதான். எந்த வழியானாலும், மின்தடைக்கென்று பேட்டரியில் ஒரு பங்கை எப்போதும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஆனால் தீர்ப்பை நிர்ணயிப்பது, பேட்டரி வழியாக வந்து போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நாம் உண்மையில் என்ன விலை கொடுக்கிறோம் என்பதே. இந்தக் கணக்கில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது இழப்பு. கிரிட்டின் மாறுமின்சாரத்தை (AC) நேர்மின்சாரமாக மாற்றும்போது நூற்றுக்கு நான்கைந்து போகும். பேட்டரிக்குள் ஏறி இறங்குவதில் இன்னும் சில போகும். திரும்ப மாறுமின்சாரமாக்கும்போது மறுபடியும் நான்கைந்து. இன்வெர்ட்டர் தனக்கென எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 100 யூனிட் போட்டால் சுமார் 85 யூனிட் திரும்ப வரும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. உச்ச நேர விலையை 100 என்றும் மலிவு நேர விலையை 40 என்றும் கொண்டால், திரும்ப வரும் ஒரு யூனிட்டின் அடக்கம் 47 ஆகிறது. யூனிட்டுக்கு 53 மிச்சம். மலிவு விலை 75 என்றால் அடக்கம் 88 ஆகி, மிச்சம் 12 ஆகச் சுருங்கிவிடும். 85-ஐத் தொட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே மலிவு விலை எவ்வளவு என்பதைவிட, இரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் முக்கியம்.

இரண்டாவது பகுதி பேட்டரியின் சொந்த விலை; விளம்பரத் தாள்கள் நம்மைக் குழப்புவது இங்கேதான். 6000 சுழற்சி தாங்கும் என்று போட்டிருப்பார்கள்; ஒருமுறை முழுதாக நிரப்பிக் காலி செய்வது ஒரு சுழற்சி. நாளுக்கு ஒரு முழுச் சுழற்சி என்றாலும் அதைத் தீர்க்கப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்; உத்தரவாதமோ பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்குத்தான். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரிக்கு வயதாகிக்கொண்டே போகும், கடையைத் திறந்தாலும் பூட்டினாலும் வாடகை ஓடுவதைப் போல. 10 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியைப் பத்து ஆண்டுகள் தினமும் நிரப்பிக் காலி செய்தால், நாளாவட்டத்தில் கொள்ளளவு குறைவதையும் கழித்துப் பார்க்கையில், சுமார் 33,000 யூனிட் அதன் வழியாகப் போகும். மிஞ்சிய வெயிலை மட்டும் நம்பி, மழை நாட்களிலும் பகல் குறுகிய மாதங்களிலும் அரைகுறையாக நிரம்பி, ஆண்டுச் சராசரியில் பாதிச் சுழற்சியே கிடைக்கும் வீட்டில் அது 16,000 யூனிட் சொச்சம்தான். வாங்கிய விலை ஒன்றே என்பதால், அந்த வீட்டில் ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் பேட்டரிச் செலவு இரு மடங்காக ஏறுகிறது. இரவில் நிரப்புவதன் பலம் இதுதான்: மேகத்தைப் பாராமல் பேட்டரிக்குத் தினமும் வேலை கிடைக்கிறது.

வெயில் இலவசம்தானே என்பார்கள். மிஞ்சியதைக் கிரிட்டுக்கு விற்க வழியில்லாத வீட்டில் அது சரி. விற்க முடிந்தால், பேட்டரியில் போடும் ஒவ்வொரு சோலார் யூனிட்டும் விற்றிருக்கக்கூடிய யூனிட்தான். அதன் விலை பூஜ்யம் அன்று, விற்பனை விலை. அந்த விலை இரவின் மலிவு விலையைவிடக் கூடுதலாக இருந்தால், பகலில் விற்று இரவில் வாங்கி நிரப்புவதே லாபம். அதற்காகக் கிரிட்டில் வாங்கிச் சேமித்ததையே திருப்பி விற்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம். பல இடங்களில் விதிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

பலன் கைக்கு வருவது இன்வெர்ட்டரின் அமைப்புகளில் இருக்கிறது. மலிவு நேரம் தொடங்கும்போதே நிரப்பி முடித்துவிடாமல், அது முடியும் நேரத்தை ஒட்டி நிரம்புமாறு வைத்திருக்கிறேன். முழுச் சார்ஜில், அதுவும் வெப்பத்தில், நெடுநேரம் கிடப்பது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. 10 யூனிட்டை ஆறு மணி நேரத்தில் நிரப்ப, இழப்பையும் சேர்த்து, இரண்டு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாக இழுத்தாலே போதும். மலிவு நேரத்தில் பேட்டரியிலிருந்து எடுக்காதபடியும் பூட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் நள்ளிரவில் தனியாக ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்காக இன்வெர்ட்டர் விழித்திருந்து, குறைந்த சுமையில் கூடுதல் இழப்போடு, மலிவு நேரத்திலேயே பேட்டரியைக் காலி செய்துகொண்டிருக்கும். மறுநாள் நல்ல வெயில் என்று முன்னறிவிப்பு சொன்னால் இரவில் நிரப்பும் இலக்கை 100-லிருந்து 50 விழுக்காட்டுக்கு இறக்கிவிடுகிறேன். காலை வெயிலுக்கு உள்ளே இடம் வேண்டும்.

இவ்வளவும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை வைத்துச் சொன்னது. ஈய அமில பேட்டரியை நான் இப்படி ஓட்டிப் பார்த்ததில்லை. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் குறையும், இழப்பும் கூடுதல் என்பதால், தினசரிச் சுழற்சிக்கு அதை நம்பி இறங்கத் தயங்குவேன். என் பேட்டரியும் இன்னும் இளவயதில்தான் இருக்கிறது. பத்தாம் ஆண்டில் அதன் கொள்ளளவு எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதத் தாளைத் தவிர என்னிடம் சாட்சி இல்லை. உறைநிலைக்குக் கீழ் போகும் ஊர்களில், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்த வகை பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், குளிர்ந்த பின்னிரவில் நிரப்புவதற்குச் சூடேற்றும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

வாங்குமுன் உத்தரவாதத் தாளில் ஆண்டுக் கணக்கோடு, மொத்தம் இத்தனை யூனிட் வரைதான் என்ற வரம்பும் இருக்கிறதா என்று தேடுங்கள். தினமும் முழுச் சுழற்சி ஓட்டும் வீட்டில் அந்த வரம்பு பத்து ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும். மேலே சொன்ன கணக்கைப் போடும்போது பத்து ஆண்டை விட்டுவிட்டு அந்த யூனிட் வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் ஒரே விலை என்ற கட்டணத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அவர்கள் மிஞ்சிய வெயிலை மட்டும் சேமித்தால் போதும்.