கோல்ஃப் ஸ்விங்கைத் திருத்த: கைபேசி வீடியோவா, லாஞ்ச் மானிட்டரா?

தன் கோல்ஃப் ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் விதத்தை, தானே திருத்திக்கொள்ள முனைபவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: கைபேசியில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பார்க்கலாம், அல்லது பந்து கிளம்பும் விதத்தை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் என்ற கருவி தரும் எண்களைப் பார்க்கலாம். வலக்கை ஆட்டக்காரனான நான், பந்து வலப்பக்கம் வளைந்தோடும் ஸ்லைஸால் நெடுநாள் அவதிப்பட்டு, இரண்டையும் முயன்று பார்த்த பின் கைபேசியையும் ஒரு டிரைபாடையும் தேர்ந்துகொண்டேன். விலை வேறுபாடு எல்லோரும் அறிந்ததே.

லாஞ்ச் மானிட்டர், ரேடாரைக் கொண்டோ அதிவேகக் கேமராக்களைக் கொண்டோ பந்தின் வேகத்தையும் கிளம்பும் கோணத்தையும் அளக்கிறது. சுழற்சி, கிளப்பின் (அடிக்கும் மட்டையின்) பாதை, அதன் முகம் (பந்தைத் தொடும் பரப்பு) நோக்கும் திசை ஆகியவற்றைத் தரும் கருவிகளும் உண்டு. அந்தத் துல்லியத்துக்கு வீடியோ ஈடாகாது. கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது ஏறத்தாழ 0.0005 வினாடி மட்டுமே. மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வரும் கிளப், வினாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் கைபேசியில்கூட, ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் 18 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே பந்தைத் தொட்ட கணத்தில் கிளப்பின் முகம் எப்படி இருந்தது என்று கைபேசி வீடியோவில் தேடுவது வீண் வேலை.

ஆனால் என் ஸ்லைஸுக்குக் காரணமாக, கிளப் வெளியிலிருந்து உள்ளே, அதாவது பந்துக்கு அப்பாலிருந்து உடல் பக்கமாக, வெட்டிக்கொண்டு வருகிறது என்று மானிட்டர் காட்டியதே தவிர, ஏன் அப்படி வருகிறது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. காரணம் வீடியோவில்தான் தெரிந்தது. டவுன் ஸ்விங், அதாவது கிளப் மேலிருந்து பந்தை நோக்கி இறங்கும் கட்டம், சுமார் கால் வினாடியில் முடிந்துவிடும். வினாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் அதற்கு ஏழெட்டுப் படங்களே கிடைக்கும், 240 என்றால் 60 கிடைக்கும். அந்த 60-இல் முதல் பத்தை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தபோது, இடுப்பு திரும்பத் தொடங்குமுன்பே வலத் தோள் பந்தை நோக்கித் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டேன். பந்தின் முன் நிற்கும் நிலையில் பின்புறத்தைத் தொட்டபடி திரையில் ஒரு செங்குத்துக் கோடு வரைந்திருந்தேன். கிளப் இறங்கும்போது அந்தக் கோட்டுக்கும் உடலுக்கும் நடுவே தெளிவான இடைவெளி விழுந்தது. இடுப்பு பந்தை நோக்கி நகர்ந்து, கைகளுக்கு வர வழியில்லாமல் செய்துகொண்டிருந்தது.

வீடியோவை நம்பலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: கேமரா ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கிறதா என்பது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு வாரம் என் கிளப் அழகாக உள்ளிருந்து வருவதுபோல் வீடியோவில் தெரிந்தது. பந்தோ பழையபடியே வலப்பக்கம் வளைந்தது. பின்னாலிருந்து எடுக்கும் கோணத்தில், டிரைபாடை அரை அடி பந்தின் பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கேமரா பந்தின் பக்கம் நகர்ந்தால் கிளப் உள்ளே வருவதுபோலவும், ஆட்டக்காரரின் குதிகால் பக்கம் நகர்ந்தால் வெளியே போவதுபோலவும் தோன்றும். அதன்பின் இலக்கை நோக்கித் தரையில் ஒரு குச்சியைப் போட்டு, கைகள் இருக்கும் கோட்டின் நேர் பின்னால், கைகளின் உயரத்தில், அடியெண்ணி அளந்த தூரத்தில் கேமராவை வைக்கிறேன். இவ்வளவும் செய்ய இரண்டு நிமிடம் ஆகிறது. செய்யாமல் எடுத்த வீடியோவைச் சென்ற மாத வீடியோவோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. வெளிச்சமும் முக்கியம்: அது குறைந்து ஷட்டர் 1/1000 வினாடிக்கு மெதுவானால் கிளப் வெறும் கீற்றாகிவிடும். வேகமான கிளப்பின் தண்டு வில்லாக வளைந்து தெரிந்தால், அது பெரும்பாலும் படத்தை வரிவரியாகப் பதியும் கேமரா காட்டும் தோற்றமே.

லாஞ்ச் மானிட்டரை நான் சில அமர்வுகளுக்கு மேல் பயன்படுத்தியதில்லை, அவையும் உள்ளரங்கில் என்பதால், திறந்தவெளியில் அதன் நடைமுறை குறித்து என் சொல்லை எடைபோட்டே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கிளப்பும் பந்தை எத்தனை கெஜம் அனுப்புகிறது என்று அறிய வேண்டிய நாளில் மட்டும் நான் வீடியோவை விட்டு அதைத்தான் நாடுவேன். ஸ்லைஸைப் பொறுத்தவரை, இடுப்புக்கும் கோட்டுக்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளி இப்போது பாதியாகியிருக்கிறது, பந்தின் வளைவும் அதற்கேற்பக் குறைந்திருக்கிறது.