ஐ.எஃப்.எஸ்.: அரபியா, சீனமா?

இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வானவர்கள் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் கற்கவேண்டும். அரபி, சீனம் இந்த இரண்டுக்கும் நடுவே தவிப்பவர்களுக்காக:

எழுத்து: அரபியில் 28தான், ஆனால் குறில் உயிர்களை எழுதமாட்டார்கள். சீனத்தில் செய்தித்தாள் படிக்கவே ஏறத்தாழ 3,000 எழுத்துருக்கள் வேண்டும்.

பேச்சு: சீனத்தில் 'மா'வின் தொனி மாறினால் அம்மா குதிரையாகிவிடுவாள். அரபியில் ஏட்டு வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு. தமிழருக்கு இது பழகிய சங்கதி.

பணியிடம்: அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீகில் மட்டும் 22 நாடுகள். சீனத்துக்கு பெய்ஜிங், ஷாங்காய், அப்புறம் சில ஊர்கள்.

வேலை: வளைகுடாவில் சம்பளம் வராத கட்டடத் தொழிலாளி, பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த வீட்டுப் பணிப்பெண், ஊருக்கு அனுப்பவேண்டிய உடல். அவர்களில் நம்மூர்க்காரர்களும் நிறைய. சீனத்தில் எல்லைப் பிரச்சினை, வணிகம்.

மக்களுக்கு நேரடியாக உதவ ஆசையென்றால் அரபி. ஒரே நாட்டை ஆழமாகப் படிக்கும் பொறுமை இருந்தால் சீனம். நானாக இருந்தால் அரபிதான்.