கம்பிவலைக்குப் பின்னால் துளையே இல்லை: ஃபெரெட் பயணப் பெட்டி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் ஃபெரெட் (கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட சிறு வளர்ப்புப் பிராணி) வளர்ப்பவர்கள், வெயில் காலத்துக்கென்று பயணப் பெட்டி தேடிக்கொண்டிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். "இரு பக்கக் காற்றோட்டம்", "கோடைக்கு ஏற்றது", "கடித்தாலும் கிழியாத குளிர் விரிப்பு" என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு மரப்பெட்டியை, விற்பனையாளரின் சொந்த இணையக் கடையிலிருந்து 124 பவுண்டுக்கு வாங்கினோம். மூன்றுமே பொய். எங்கள் ஃபெரெட் மிளகு சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியிருக்கிறான்.

ஃபெரெட்டுக்குச் சூடு ஏன் இவ்வளவு ஆபத்து என்பதைப் புதிதாக வளர்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் திறன் கிடையாது என்றே சொல்லலாம். நாயைப் போல மூச்சிரைத்துச் சூட்டை இறக்குவதும் அதற்குச் சரியாக வராது. உடலை மூடிய அடர்ந்த ரோமம் வேறு. சுற்றியுள்ள வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கவனமாக இருக்க வேண்டும். 30 டிகிரிக்கு மேல் போனால் வெப்பத் தாக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். இது குளிர் நாடுதானே என்று இனியும் இருந்துவிட முடியாது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. வெளியே வெறும் 22 டிகிரி இருக்கும் நாளில்கூட, நிறுத்திவைத்த காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரிவரை ஏறக்கூடும்.

நாங்கள் காரை நிறுத்தவும் இல்லை, ஜன்னலை மூடிவிட்டுக் கடைக்குப் போகவும் இல்லை. டிஸ்டெம்பர் என்னும் கொடிய வைரஸ் நோய்க்கான தடுப்பூசிக்காக, எங்கள் இன்னொரு ஃபெரெட்டான கடுகையும் மிளகையும் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பெட்டியின் நடுவே தடுப்புப் பலகை. ஒரு பக்கம் கடுகு, மறுபக்கம் மிளகு. இரண்டு முனையிலும் கம்பிவலை வைத்த ஜன்னல். காரில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் நெரிசல், வண்டிகள் ஊர்ந்தன. உள்ளே சத்தமில்லை, ஃபெரெட் ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் தூங்கும் பிராணி என்பதால் அது இயல்பாகவே இருந்தது. மருத்துவமனையில் மூடியைத் திறந்தபோது கடுகு கொட்டாவி விட்டு எழுந்தாள். மிளகு வாயைத் திறந்தபடி, எச்சில் வழிய, கால்களைப் பரப்பித் தட்டையாகக் கிடந்தான். ஈறு அடர்சிவப்பாக மாறியிருந்தது. தூக்கினால் கையில் துணிபோலத் தொங்கினான்.

செவிலியர் அவனை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பாதங்களையும் வயிற்றையும் தொடை இடுக்கையும் குளிர்ந்த நீரால் நனைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்தார்கள். பனிக்கட்டி நீரை அவர்கள் தொடவேயில்லை. திடீரென்று கடுங்குளிர் பட்டால் தோலடி இரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்று விளக்கினார்கள். வீட்டில் இப்படி நடந்தால் பதற்றத்தில் ஐஸ் வாளியைத் தேடாதீர்கள். குழாய்த் தண்ணீரால் நனைத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

மிளகு கண் திறந்த பிறகு அதே செவிலியர் காலிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். கடுகு இருந்த பக்கத்து வலைக்குள் பேனாவை நுழைத்தார், சென்றது. மிளகு இருந்த பக்கத்து வலையில் நுழைத்தார். டக் என்று மரத்தில் முட்டியது. திருகாணிகளைக் கழற்றினோம். வலைக்குப் பின்னால் துளையே வெட்டப்படவில்லை. முழு ஒட்டுப்பலகையின் மேல் சதுரமாகக் கறுப்பு வண்ணம் பூசி, அதன்மேல் வலையை அறைந்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இருண்ட ஜன்னல். உட்புறம் முழுவதும் கறுப்புத் துணி ஒட்டியிருந்ததால் அங்கிருந்தும் தெரியவில்லை. கை தவறி நடந்த வேலை இல்லை இது. ஒருவர் உட்கார்ந்து, அளந்து, வண்ணம் பூசிச் செய்த மோசடி. நடுத்தடுப்பும் முழுப்பலகை என்பதால், மிளகு இருந்த அறைக்குக் காற்று வர வழியே இல்லை.

குளிர் விரிப்பின் கதை இன்னும் மோசம். மிளகு அதன் மூலையைக் கடித்துத் துண்டாக்கி, உள்ளிருந்த ஜெல்லையும் தின்றிருக்கிறான். ரப்பர் போன்ற மென்மையான எதையும் ஃபெரெட் கடித்து விழுங்கும். அது குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். அந்த இரவு முழுவதும் அவனை மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணித்தார்கள். நல்ல வேளை, அடைப்பு ஏற்படவில்லை. ஃபெரெட்டுக்கு ஜெல் விரிப்பையே வாங்காதீர்கள், எந்த நிறுவனம் எவ்வளவு சத்தியம் செய்தாலும்.

படங்களுடன் விற்பனையாளருக்கு எழுதினேன். "பிராணி பயன்படுத்திய பொருளைச் சுகாதாரக் காரணங்களுக்காகத் திரும்பப் பெறுவதில்லை" என்று பதில் வந்தது. துளை இல்லாததைப் பற்றி ஒரு சொல் இல்லை. மீண்டும் எழுதியதற்கு, ஏ.சி.யைச் சரியாகப் போடவில்லையோ என்று என்னிடமே கேட்டார்கள். அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இந்தப் பதிலைப் பார்த்துப் பின்வாங்கிவிடாதீர்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும், சொன்ன நோக்கத்துக்குப் பயன்பட வேண்டும். இல்லையென்றால் 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். கடை தன் பக்கத்தில் என்ன விதி எழுதி வைத்திருந்தாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் விற்பனையாளருக்குச் சமமாகப் பொறுப்பாகிறது. நான் அந்த வழியில் போனேன். பெட்டியின் விலை திரும்பிவிட்டது. அந்தப் பொருளால் நேர்ந்த செலவையும் இதே பிரிவில் கோரலாம் என்பதால் மருத்துவச் செலவையும் கேட்டிருக்கிறேன். அது பரிசீலனையில் இருக்கிறது. இலவச ஆலோசனை தரும் அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் உதவி எண் மூலம், வணிக மோசடிகளை விசாரிக்கும் உள்ளாட்சித் துறையான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் புகார் போயிருக்கிறது.

இப்போது வைத்திருப்பது, முயல் வேட்டைக்கு ஃபெரெட் வளர்க்கும் ஒரு பெரியவர் செய்து தந்த எளிய பெட்டி. வண்ணம் பூசாத ஒட்டுப்பலகை. நீளவாட்டில் எதிரெதிராக இருபுறமும் துளைகள், உள்ளே விரிக்கும் வைக்கோல் அடைத்துவிடாதபடி பாதி உயரத்துக்கு மேலே. தடுப்புப் பலகையிலும் துளைகள் உண்டு. தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, தடித்த பருத்தித் துணியில் சுற்றி ஓரத்தில் வைக்கிறோம். வேண்டுமென்றால் அதன்மேல் சாய்ந்து படுக்கலாம், வேண்டாமென்றால் விலகிக்கொள்ள இடம் இருக்கிறது. ஈரத் துண்டால் பெட்டியை மூடிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது துளைகளை அடைத்து உள்ளே புழுக்கத்தை ஏற்றும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

விற்பனையாளரின் பக்கத்தில் அதே படம் இன்றும் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே அப்படியொரு பெட்டியை வாங்கியிருந்தால், இருட்டறையில் உள்ளே டார்ச்சைப் போட்டு மூடி, இரண்டு முனையிலும் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசியவில்லை என்றால், வலையைக் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பலகையையும் திருகாணிகளையும் பத்திரப்படுத்துங்கள். கார்டு நிறுவனம் என்னிடம் முதலில் கேட்டது அவற்றைத்தான்.