கீழக்கரையை அரை மணி நேரத்தில் கடக்கும் ஜியாரத் பயணம்

ஏர்வாடி தர்காவுக்கு ஒரு நாள் ஜியாரத் (இறைநேசர்களின் அடக்கத்தலங்களுக்குச் சென்றுவருதல்) வேன் பயணம் நடத்தும் நிறுவனம் ஒன்றின் வழியாகக் குடும்பத்துடன் சென்றுவந்தோம். வாகனம் சுத்தமாக இருந்தது. ஓட்டுநரும் தொழுகை நேரங்களை மதித்து நிறுத்தினார். ஆனால், வழியில் உள்ள கீழக்கரைக்கு அரை மணி நேரம் மட்டுமே ஒதுக்கியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும், 17ஆம் நூற்றாண்டின் கல் ஜும்ஆப் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. திராவிடக் கட்டடக்கலைத் தூண்கள் அப்படியே நிற்க, உருவச் சிற்பங்கள் இடம்பெறும் பரப்பில் பூக்களும் கொடிகளும் மட்டும் செதுக்கப்பட்டிருப்பதை ஒரே ஒரு தூணருகே நின்று பார்த்தாலும், தமிழ்ச் சிற்பியின் உளி இஸ்லாமிய நெறிக்கு எவ்வளவு இயல்பாக இசைந்திருக்கிறது என்பது விளங்கும். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்ற அவ்வள்ளலின் அடக்கத்தலமும் பள்ளிவாசலை ஒட்டியே உள்ளது. இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்ல எங்களுடன் வழிகாட்டி எவரும் அனுப்பப்படவில்லை. என் பிள்ளைகளுக்கு நானே தெரிந்தவரை சொன்னேன்.

உள்ளூர் வரலாறு அறிந்த ஒருவரை உடன் அனுப்பி, எட்டயபுரத்திலுள்ள உமறுப் புலவர் மணிமண்டபத்தையும் சேர்த்து இரண்டு நாள் பயணமாக இதை மாற்றினால், கூடுதல் கட்டணம் செலுத்தி மீண்டும் வர நாங்கள் தயாராக இருக்கிறோம்.