பிசினஸ் கிளாஸ் சாப்பாடு: ஃபிராங்க்ஃபர்ட் வழியா, தோஹா வழியா?

அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அப்பா அம்மாவை அனுப்ப டிக்கெட் பார்த்தபோது, சென்னையிலிருந்து மூன்று வழிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் வழி, எமிரேட்ஸில் துபாய் வழி, கத்தார் ஏர்வேஸில் தோஹா வழி. மூன்றிலும் ஒரே ஒரு இடத்தில்தான் விமானம் மாற வேண்டும். நான் எடுத்தது தோஹா. காரணம் சாப்பாடு. இன்னும் சரியாகச் சொன்னால், சாப்பிடும் நேரம்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ ஏற்றுமதியில் இருக்கிறவர்களுக்கு இந்த விமானங்கள் புதிதல்ல. மிலான் தோல் கண்காட்சிக்குப் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் போய் வருகிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். நானும் வேலையாக ஐரோப்பாவுக்குப் பறந்தவன்தான். ஆனால் நமக்கு டிக்கெட் போடுவது வேறு, வயதான பெற்றோருக்குப் போடுவது வேறு. அதிலும் அப்பா சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர், அம்மா சுத்த சைவம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். பிசினஸ் கிளாஸில் எந்த நீண்ட தூர விமானமானாலும் மேஜைத் துணி விரிப்பார்கள், பீங்கான் தட்டு, கண்ணாடி டம்ளர், மெனு அட்டை எல்லாம் உண்டு. முதலில் ஒரு சின்ன ஐட்டம், பிறகு மெயின் சாப்பாடு, கடைசியில் இனிப்பு, பழம், சீஸ் என்று ஒவ்வொன்றாக வரும். மெயினில் மூன்று நாலு தேர்வு இருக்கும். இந்தியாவிலிருந்து கிளம்பும் விமானத்தில் அதில் ஒன்றாவது நம் ஊர்ப் பக்கச் சைவமாக இருக்கும். இதிலெல்லாம் மூன்று கம்பெனிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் எந்தக் கம்பெனியானாலும் அங்கே யாரும் சமைப்பதில்லை. தரையில் விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சமையல்கூடத்தில் சமைத்து, வேகமாகக் குளிர வைத்து, குளிர்ச்சி குறையாமல் ஏற்றி, மேலே சூடான காற்று சுழலும் ஓவனில் சூடு பண்ணித் தருகிறார்கள். மேலே அடுப்போ தாளிப்போ கிடையாது. இது தெரிந்தால் எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்பது பாதி புரிந்துவிடும். இட்லி அந்த ஓவனில் ஓரம் காய்ந்துபோகும். வடை ரப்பர் மாதிரி ஆகிவிடும். மசால் தோசையை ஃபாயிலுக்குள் மூடி வைத்தால் ஆவியில் துவண்டுவிடும். ஆம்லெட் பஞ்சாகும். நெய் தாராளமாக விட்ட பொங்கல் தாங்கும். குருமா, கூட்டு, சாம்பார், ஆட்டுக்கறிக் குழம்பு என்று ஈரப்பதம் உள்ளதெல்லாம் தாங்கும். பிரியாணி என்று மெனுவில் இருந்தால் ஆம்பூர்க்காரர்கள் ஆசைப்பட வேண்டாம். நம் சீரகச் சம்பா பிரியாணியைத் தம் உடைத்த கையோடு சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு, நீள அரிசியில் செய்து குளிர வைத்து மறுபடி சூடு பண்ணிய பிரியாணி எந்தக் கம்பெனியிலும் சுமார்தான்.

ருசியும் தரையில் இருப்பது போல இருக்காது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். ஏலகிரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈரப்பதமும் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். மூக்கு காய்ந்தால் வாசனை பிடிபடாது, வாசனை இல்லாமல் ருசி ஏது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010-இல் லுஃப்தான்சாவுக்காக இதைச் சோதித்துப் பார்த்தது. உப்பு இருபது முதல் முப்பது சதவீதமும், இனிப்பு பதினைந்து முதல் இருபது சதவீதமும் குறைவாகத் தெரிகிறது என்று கண்டார்கள். புளிப்பும் மசாலாவும் அவ்வளவு அடிபடுவதில்லை. அதனால் நம் ஆட்கள் மேலே வெண்ணெயில் வேகவைத்த மீனைக் கேட்டு வாங்கி, சப்பென்று இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. புளியும் மிளகாயும் சேர்ந்த இந்தியச் சாப்பாட்டைக் கேளுங்கள். பிபி உள்ளவர்கள் ருசி தெரியவில்லை என்று உப்புப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருப்பது நல்லது.

சரி, இனி முக்கியமான விஷயம்.

வேலூரிலிருந்து சர்வதேச விமானம் பிடிக்கிறவர்களின் இரவு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மேற்கே போகும் விமானங்களில் பல, நள்ளிரவுக்குப் பிறகுதான் சென்னையிலிருந்து கிளம்பும். வீட்டில் ஏழு மணிக்கே இரண்டு இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினால், வாலாஜா டோல்கேட், காஞ்சிபுரம் பிரிவு, ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் எல்லாம் தாண்டி மீனம்பாக்கம் சேர மூன்று மணி நேரம் ஆகிவிடும். செக்கின், இமிகிரேஷன், செக்யூரிட்டி எல்லாம் முடிந்து சீட்டில் உட்காரும்போது இரவு ஒன்றரை, இரண்டு. வயதானவர்கள் அந்நேரம் கண் சொருகிக் கிடப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் சாப்பாடு வரும். ஐரோப்பியக் கம்பெனிகளில் பொதுவான முறை இதுதான்: விமானம் ஏறி நிமிர்ந்ததும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பரிமாறுவார்கள். இறங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருக்கும்போது இன்னொரு சாப்பாடு. நடுவில் பசித்தால் சாண்ட்விச், பழம், சாக்லேட் மாதிரி ஏதாவது கிடைக்கும். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் சுமார் பத்து மணி நேரம். நம் ஊர்க் கணக்குக்கு அதிகாலை இரண்டரை மணிக்கு முழுச் சாப்பாடு, ஒன்பது பத்து மணிக்குக் காலை டிபன். முதல் சாப்பாட்டை வேண்டாம் என்று தூங்கிவிட்டால் அது போனதுதான். சாப்பிட்டால் தூக்கம் போய்விடும். நான் ஒருமுறை போன கம்பெனியில் விளக்கை அணைக்கவே மூன்றரை மணி ஆனது. தூங்கி எழுந்து ஐந்தாவது மணி நேரத்தில் பசிக்கிறது என்று கேட்டால் பிஸ்கட்தான் கொடுத்தார்கள். எனக்கு அது பரவாயில்லை. இன்சுலின் போடுகிறவருக்கு அப்படி விட முடியாது.

கத்தார் ஏர்வேஸில் பிசினஸ் கிளாஸுக்கு, எப்போது வேண்டுமோ அப்போது கேட்டுச் சாப்பிடும் முறை இருக்கிறது. மெனுவில் காலைச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு என்று கட்டாய வரிசை இல்லை. விமானம் ஏறியதும் வந்து எப்போது சாப்பிடப்போகிறீர்கள் என்று கேட்டுப் போவார்கள். தூங்கி எழுந்து சொல்கிறேன் என்று சொன்னால் போதும், யாரும் எழுப்ப மாட்டார்கள். சென்னையிலிருந்து தோஹா ஐந்து மணி நேரம்தான் என்பதால் அதில் எதுவும் சாப்பிடாமல் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். தோஹா லவுஞ்சில் குளித்து, உட்கார்ந்து, நிதானமாகக் காலைச் சாப்பாடு சாப்பிடலாம். அதன் பிறகு டல்லாஸுக்குப் பதினாறு மணி நேரம். அந்த நீண்ட இரண்டாவது பயணத்தில்தான் இந்த முறையின் அருமை தெரியும்.

அப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணை இருந்தது. மேற்கே போகும்போது நாள் நீண்டுகொண்டே போகும் என்பதால் எந்த ஊசியை எந்த நேரத்துக்கு, எந்த ஊர்க் கடிகாரத்துக்கு என்பதைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், கீழே போகும் பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுப்போகலாம். அட்டவணையில் சாப்பாட்டு நேரம் இருந்த இடங்களிலெல்லாம் அப்பா அரை மணி முன்னதாகப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தார். தட்டு மேஜைக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் ஊசி. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஊசி போட்ட பிறகு விமானம் குலுங்கி, பரிமாறுவதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் வரிசையாகப் பரிமாறும் விமானத்தில் நம் தட்டு எந்த நிமிஷம் வரும் என்று நம் கையில் இல்லை. ஒருவருக்கு மட்டும் கேட்டு வரும் தட்டில் அது ஓரளவு நம் கையில் இருக்கிறது. டல்லாஸில் இறங்கியதும் அம்மா போனில் சொன்னது, “நேரத்துக்கு நேரம் சாப்ட்டாருப்பா, வீட்ல கூட இப்படி சாப்பிட மாட்டாரு.”

இந்த முறையிலும் சிக்கல் உண்டு. விமானம் கிளம்பியதும் எல்லோரும் ஒரேயடியாகக் கேட்டால் தாமதமாகும். ஓவனில் சூடாக இருபது நிமிஷமாவது வேண்டும், அதனால் பசிக்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஒவ்வொரு ஐட்டத்திலும் ஏற்றியது இத்தனை தட்டு என்று கணக்கு இருப்பதால், தூங்கி எழுந்து கேட்கும்போது நீங்கள் குறித்து வைத்தது தீர்ந்திருக்கலாம். சில வழித்தடங்களில் மெயின் சாப்பாட்டை முன்கூட்டியே வெப்சைட்டில் தேர்வு செய்துவைக்க வசதி இருக்கிறது. இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கூச்ச சுபாவம் உள்ள பெற்றோர் என்றால் இன்னொன்றும் சொல்லி அனுப்ப வேண்டும்: கேட்டால்தான் வரும். பொத்தானை அழுத்துவது மரியாதைக் குறைவு என்று நினைத்து அம்மா முதல் விமானத்தில் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

ஹலால் பார்க்கிறவர்களுக்கு வளைகுடா வழி இன்னும் சுலபம். எமிரேட்ஸ், கத்தார் இரண்டிலும் சாப்பாடு எல்லாமே ஹலால் என்பதால் முஸ்லிம் மீல் என்று தனியாகச் சொல்லிவைத்து மெனுவை இழக்கத் தேவையில்லை. மேல்விஷாரம், வாணியம்பாடி வியாபாரிகள் பலர் இந்த ஒன்றுக்காகவே அந்த வழியில் போகிறார்கள்.

துபாய் வழியும் தோஹாவும் எனக்கு ஏறக்குறைய ஒரே தரம்தான். எமிரேட்ஸின் ஏ380 விமானத்தில் மாடியில் பின்பக்கம் நின்று பேசிக்கொண்டு சாப்பிட ஒரு பார் இருக்கிறது. இளையவர்களுக்கு அது பிடிக்கும், அப்பாவுக்கு அதில் வேலையில்லை.

ஃபிராங்க்ஃபர்ட் வழியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்து மணி நேரம், பதினோரு மணி நேரம் என்று பயணம் இரண்டாகச் சமமாகப் பிரிகிறது. பதினாறு மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார முடியாதவர்களுக்கு அதுதான் நல்லது. ஜெர்மன் ரொட்டியும் சீஸும் நன்றாக இருக்கும். தனியாக, சர்க்கரை எதுவும் இல்லாமல், மிலானுக்கோ ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ வேலையாகப் போகிறவர் சென்னை லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு, ஏறியதும் போர்த்திக்கொண்டு தூங்கி, இறங்கும் முன் காபியோடு எழுந்தால் எந்தக் குறையும் இல்லை. நானும் வேலைக்கு அப்படித்தான் போகிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் சிங்கப்பூர் வழியையும் பார்க்கலாம். அதில் என் அனுபவம் குறைவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறப்பதற்கு ஒரு நாள் முன்பு வரை மெயின் சாப்பாட்டைப் பெரிய பட்டியலிலிருந்து முன்பதிவு செய்யலாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது கொடுக்கும் வேர்க்கடலைச் சட்னியோடான சாத்தே (குச்சியில் கோர்த்துச் சுட்ட கறி) எனக்கு மிகவும் பிடித்தது. வேர்க்கடலையும் காரமும் அந்த உயரத்தில் நன்றாக நிற்கின்றன.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பெஷல் மீல் பட்டியலில் சைவம் என்று பல வகை இருக்கும். வீகன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தயிர், பனீர், நெய், பால் எதுவும் வராது. நமக்கு வேண்டியது ஆசிய சைவம் அல்லது இந்து சைவம் என்று போட்டிருக்கும் வகை, அதன் குறி ஏவிஎம்எல். பறப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது பதிவு செய்ய வேண்டும். ஆனால் ஸ்பெஷல் மீல் பதிவு செய்தால் பெரும்பாலும் மெனுவில் தேர்வு போய்விடும், ஒரே தட்டுதான். சர்க்கரை நோயாளி மீலும் அப்படியே. பெரும்பாலும் சப்பென்று வரும். அப்பாவுக்கு அதைப் போடவில்லை. மெனுவிலிருந்து பருப்பு, காய், கறி எடுத்துக்கொண்டு, இனிப்புக்குப் பதிலாகக் கொஞ்சம் பழம் கேட்கச் சொன்னேன்.

அம்மாவுக்குப் போகும்போது ஸ்பெஷல் மீல் போடவில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்தில் சென்னையில் சமைத்ததுதான் வரும், தோஹாவிலும் இந்தியச் சைவம் கிடைத்துவிடும். திரும்பி வரும்போதுதான் போட்டேன், ஏனென்றால் டல்லாஸில் ஏற்றும் சாப்பாடு பெரும்பாலும் அங்கேயே செய்வது. கையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுபோகிறவர்கள் இறங்கும் முன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைக்கூட அமெரிக்காவில் வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள், கஸ்டம்ஸில் சொல்லாமல் பையில் வைத்திருந்தால் அபராதம் போடுவார்கள்.